குழந்தைகளின் மூச்சுத்தொற்று: வைரசு காரணிகளைத் தேடிய தமிழக வரலாறு

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல், நுரையீரல் ஆகிய உறுப்புகளில் திடீரெனத் தோன்றிச் சில நாட்கள் நீடிக்கும் தொற்றுகளை மருத்துவ நூல்கள் திடீர் மூச்சுத்தொற்று என்னும் ஒரே தலைப்பில் சேர்த்துக் கூறும். சிலர் இதனைக் 'கடுமையான மூச்சுத்தொற்று' என்று எழுதுகின்றனர். அது சரியன்று. சாதாரண மூக்கொழுகலும் இதில் அடங்கும். ஒரே இரவில் குழந்தையின் உயிரைப் பறிக்கும் நிமோனியாவும் இதில் அடங்கும். இவற்றுள் பெரும்பான்மைக்குக் காரணம் வைரசுகளே என்பது இன்று பாடநூல் செய்தி. ஆனால் அதனை நிறுவ ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. அந்த வரலாற்றின் சில முக்கியமான பக்கங்கள் தமிழகத்தில் எழுதப்பட்டவை. அவற்றை நம் மாணவர்கள் அதிகம் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

காவிரிப் படுகையில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர்களுக்கு இந்நோயின் பருவத்தை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐப்பசி அடைமழை பிடித்ததும் வருகைப் பதிவேட்டில் விடுப்புக் குறிகள் கூடும். அண்ணனோ அக்காளோ பள்ளியிலிருந்து சளியைக் கொண்டுபோய் வீட்டில் வைக்க, நான்காம் நாள் தூளியில் கிடக்கும் கைக்குழந்தைக்கு இழுப்பு கண்டிருக்கும். வட இந்தியாவில் இவ்வைரசுகள் குளிர்காலத்தில் உச்சம் பெறுகின்றன. தென்னிந்தியாவில் மழைக்காலத்தை ஒட்டிப் பெருகுகின்றன. சம்பா நடவு முடிந்து வயல்களில் நீர் நிற்கும் நாட்களே நம் பகுதியில் குழந்தைகளின் நெஞ்சுச்சளி நாட்களும் ஆகும்.

பழைய அறிவு

நோய்க்குப் பெயர் இல்லாமல் நம் முன்னோர் இருந்ததில்லை. சளி, கபம், இழுப்பு, கணை, கக்குவான் என்று வேறுபடுத்தியே சொன்னார்கள். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் காலத்து மருத்துவக் குறிப்புகளைச் சரசுவதி மகால் நூலகம் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற வரிசையில் நூல்களாக அச்சிட்டுள்ளது. அவற்றுள் கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய மருத்துவம் தனி நூலாகவே உள்ளது. வீடுகளில் வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுத்தனர். அதற்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர். தூதுவளையும் துளசியும் கற்பூரவள்ளியும் கொல்லையில் இருந்தன.

இவற்றுக்கு ஓரளவு பயன் இருந்திருக்கலாம். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சளி பிடித்த குழந்தைகளில் பெரும்பாலோர் எந்த மருந்தும் இன்றியே ஒரு வாரத்தில் தேறிவிடுவர். ஆகவே எதைக் கொடுத்தாலும் அது குணமாக்கியது போலவே தோன்றும். வசம்புக்குப் பொருந்தும் இந்த எச்சரிக்கை, பிற்காலத்தில் வந்த ஊசிக்கும் வண்ண மருந்துப் புட்டிக்கும் அப்படியே பொருந்தும். தேறாத அந்தச் சில குழந்தைகளை எப்படி அடையாளம் காண்பது என்பதே உண்மையான கேள்வி. அதற்கு விடை வேலூரில் கிடைத்தது. அதற்கு முன் இன்புளுவென்சாவைப் பற்றிச் சிறிது பார்ப்போம்.

கப்பலில் வந்த காய்ச்சல்

1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சா பேரிடரில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மேற்கு, மத்திய மாகாணங்களோடு ஒப்பிடச் சென்னை மாகாணத்தில் சேதம் குறைவு. அப்போது நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்றே பலர் நம்பினர். மனித இன்புளுவென்சா வைரசு இலண்டனில் பிரித்தெடுக்கப்பட்டது 1933ஆம் ஆண்டில்தான்.

அடுத்த பெருந்தொற்று 1957ஆம் ஆண்டில் வந்தபோது நிலைமை மாறியிருந்தது. சீனாவில் தொடங்கி ஆங்காங், சிங்கப்பூர் வழியாகப் பரவிய அந்தப் புதுவகை வைரசு, மே மாத நடுவில் 'ராஜுலா' என்ற பயணிகள் கப்பலில் சென்னைத் துறைமுகத்தை வந்தடைந்தது. மலேயாவுக்குப் பிழைக்கப் போன தஞ்சை மாவட்டத்துக் குடும்பங்களில் ராஜுலாவைப் பற்றிக் கேள்விப்படாதவர் இருக்க மாட்டார்கள். சிங்கப்பூர், பினாங்கு, நாகப்பட்டினம், சென்னை என்பதே அதன் வழக்கமான தடம். அந்தப் பயணத்தில் கப்பலுக்குள்ளேயே நோய் பரவியிருந்தது. சில வாரங்களில் நாடு முழுவதும் காய்ச்சல் பரவிற்று. 1958 பிப்ரவரிக்குள் இந்தியாவில் 44 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளும் சுமார் 1,100 மரணங்களும் பதிவாயின. பதிவாகாதவை எத்தனை மடங்கோ!

இந்தப் பெருந்தொற்றின் போக்கைத் தொகுத்து எழுதியவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஐ. ஜி. கே. மேனன். வெறிநாய்க்கடி மருத்துவத்துக்காக 1907ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தில் அப்போது இன்புளுவென்சா ஆய்வு மையமும் இயங்கியது. சென்னை கிண்டியில் அம்மைப்பால் தயாரிப்போடு வளர்ந்த கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவனம் இன்னொரு மையம். வைரசை வளர்த்துப் பார்க்கும் திறன் தமிழகத்துக்கு இவ்வாறு ஓரளவு கைவந்திருந்தது. எனினும் கவனம் எல்லாம் பெருந்தொற்றுகள் மீதே இருந்தது. ஆண்டுதோறும் மழையோடு வந்து கைக்குழந்தைகளை மட்டும் தூக்கிச் செல்லும் நோய் எவருடைய கணக்கிலும் வரவில்லை.

சிம்பன்சியின் சளி

1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வால்ட்டர் ரீட் இராணுவ ஆய்வு நிறுவனத்தில் வளர்க்கப்பட்ட சிம்பன்சிகளுக்குச் சளி கண்டது. அவற்றிலிருந்து ஒரு புதிய வைரசைப் பிரித்தனர். மறு ஆண்டே இராபர்ட் சானாக் அதே வைரசைப் பால்டிமோர் நகரக் குழந்தைகளிடம் கண்டார். உண்மையில் நோய் மனிதரிடமிருந்து சிம்பன்சிக்குச் சென்றதே ஒழிய மறுதலையாக அன்று. ஆய்வகத்தில் வளர்க்கும்போது இவ்வைரசு பக்கத்துப் பக்கத்துச் செல்களை ஒன்றாக ஒட்டவைத்துப் பல உட்கரு கொண்ட பெருஞ்செல்லாக மாற்றிவிடும். அந்தப் பண்பை வைத்தே அதற்குப் பெயர் அமைந்தது. அப்பெயரின் முதலெழுத்துகளால் ஆர்.எஸ்.வி. என்று சுருக்கமாக வழங்குகிறது.

அந்தப் பத்தாண்டில் கண்டுபிடிப்புகள் அடுத்தடுத்து வந்தன. அடினோ வைரசு, நாய் குரைப்பது போன்ற இருமலை உண்டாக்கும் பாராஇன்புளுவென்சா, சாதாரணச் சளிக்குரிய ரைனோ வைரசு ஆகியவை அப்போது அறியப்பட்டவை. ஆனால் கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை முதலிடம் ஆர்.எஸ்.வி.க்கே.

பெரியவருக்கு வெறும் மூக்கொழுகலாய்ப் போகும் இவ்வைரசு இரண்டு மாதக் குழந்தைக்கு ஏன் எமனாகிறது? விடை பெரும்பகுதி இயற்பியலில் உள்ளது. குழாய் ஒன்றின் ஆரம் பாதியானால் அதில் பாயும் பொருளுக்கு ஏற்படும் தடை பதினாறு மடங்காகும். பாய்சுயி விதி என்று மேனிலை வகுப்பில் படிப்பது இதுவே. அகலமான 'ஏ' பிரிவு வாய்க்காலில் ஒரு விரற்கடை வண்டல் படிந்தால் தண்ணீர் நிற்காது. வயலுக்குப் பிரியும் கன்னி வாய்க்காலில் அதே வண்டல் படிந்தால் கடைமடை காய்ந்துவிடும். கைக்குழந்தையின் நுண்மூச்சுக்குழல்கள் அத்தகைய கன்னி வாய்க்கால்கள். வைரசு அவற்றின் உட்சுவரைத் தாக்க, சுவர் வீங்கி, உதிர்ந்த செல்களும் சளியும் அடைத்துக்கொள்ள, உள்ளே போன காற்று வெளிவர வழியின்றி நிற்கும். குழந்தை வேகவேகமாக மூச்சு வாங்கும். விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்ளொடுங்கும். பால் குடிக்க முடியாமல் விட்டுவிடும். பால் குடிக்கும் குழந்தை மூக்கால்தானே மூச்சு விட வேண்டும்?

வேலூரில் எண்ணப்பட்ட மூச்சு

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1967ஆம் ஆண்டில் டி. ஜேக்கப் ஜான் ஒரு வைரசு ஆய்வகத்தைத் தொடங்கினார். நோயாளிகளுக்கு வந்திருப்பது இன்ன வைரசு என்று கண்டு சொல்லும் மருத்துவமனை ஆய்வகம் இந்தியாவில் அதுவே முதலாவது என்பர். 1986ஆம் ஆண்டில் சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகளைச் சோதித்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் காட்டியதும் இதே ஆய்வகம்தான். அந்தச் செய்தியின் புகழில் அதே ஆண்டுகளில் அங்கு நடந்த இன்னொரு பணி மறைந்துபோயிற்று.

அப்பணி, குழந்தைகளின் மூச்சுத்தொற்றுக்குக் காரணமான கிருமிகளைத் தேடியதாகும். தாமஸ் செரியன், எரிக் சிமோஸ், மார்க் ஸ்டெயின்ஹாஃப் முதலியோர் ஜேக்கப் ஜானுடன் இதில் ஈடுபட்டனர். கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். ஆர்.எஸ்.வி. மிக மென்மையான வைரசு. வெப்பத்தையும் தாங்காது, உறையவைத்து உருக்குவதையும் தாங்காது. குழந்தையின் மூக்கின் பின்புறத்திலிருந்து மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்த சளியைப் பனிக்கட்டியில் வைத்து, தாமதமின்றி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், வளரும் செல்களின் மேல் இட வேண்டும். கூடவே, ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளைக் கொண்டு நுண்ணோக்கியில் நேராகவும் தேடுவர். மேலைநாட்டில் இதுவே பெரிய வேலை. வேலூர் வெயிலில் அதனை ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். வெப்பநாட்டுக் குழந்தைகளின் நுண்மூச்சுக்குழல் அழற்சிக்கும் குளிர்நாட்டைப் போலவே ஆர்.எஸ்.வி. முதன்மைக் காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று. பாராஇன்புளுவென்சா, இன்புளுவென்சா, அடினோ வைரசுகளும் அகப்பட்டன.

ஆனால் உலகம் முழுவதும் பயன்பட்டது இந்தக் கிருமிக் கணக்கைவிட எளிய வேறொன்று. கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் எக்ஸ்ரே இல்லை. இதயத்துடிப்புமானி இருந்தாலும் நெஞ்சொலியைப் பிரித்தறியும் பயிற்சி இல்லை. அவர் எதைக்கொண்டு நிமோனியாவைக் கண்டறிவார்? பப்புவா நியூகினியில் பணிபுரிந்த பிராங்க் ஷான் 1984ஆம் ஆண்டில் ஒரு வழி காட்டியிருந்தார். குழந்தை ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணுங்கள். 50க்கு மேல் போனால் ஐயப்படுங்கள் என்பதே அது. வேலூர்க் குழு இதனைத் தம் குழந்தைகளிடம் சோதித்தது. வயது ஏற ஏற மூச்சின் வேகம் குறைவது இயல்பு. ஆகவே எல்லாருக்கும் ஒரே எல்லை வைத்தால் ஒரு வயதைக் கடந்த குழந்தைகள் பலர் தவறிப்போவர். ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 40 என்று இரண்டு எல்லைகள் வேண்டும் என அவர்களின் கட்டுரை 1988ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி நெறியில் இன்றும் இருப்பவை இந்த எண்களே: இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. ஆப்பிரிக்கச் சிற்றூர் ஒன்றில் குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணும் பணியாளர், வேலூரின் கணக்கையும் சேர்த்தே எண்ணுகிறார்.

இந்திய அரசு 1990ஆம் ஆண்டில் மூச்சுத்தொற்றுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி, 1992ஆம் ஆண்டில் அதனைத் தாய் சேய் நலத் திட்டத்தோடு இணைத்தது. வேகமூச்சு உள்ள குழந்தைக்குச் செவிலியரே கோட்ரைமாக்சசோல் மாத்திரை கொடுக்கலாம் என்ற நிலை அப்போது வந்தது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. மூச்சை எண்ணினால் வைரசா பாக்டீரியாவா என்று தெரியாது. ஆர்.எஸ்.வி. வந்த குழந்தையும் வேகமாகத்தான் மூச்சு விடும். அதற்கு அந்த மாத்திரையால் பயனில்லை. பத்துப் பேருக்கு வீணாகக் கொடுத்தாலும் பாக்டீரியா நிமோனியாவால் சாகவிருக்கும் ஒரு குழந்தை பிழைக்கட்டும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. அன்றைய நிலையில் அது நியாயமான முடிவு என்றே நான் கருதுகிறேன். ஆனால் வேகமூச்சே இல்லாத சாதாரணச் சளிக்கும் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கும் இன்றைய பழக்கத்துக்கு அந்த நியாயம் இல்லை.

மணல்வாரியும் மாலைக்கண்ணும்

மூச்சுத்தொற்று வைரசுகளைப் பேசும்போது பலர் தட்டம்மையை விட்டுவிடுகின்றனர். நம் பகுதியில் மணல்வாரி என்று சொல்லப்படும் இந்நோயில் குழந்தைகளைக் கொன்றது தோலில் தெரிந்த தடிப்பு அன்று; பின்னால் வந்த நிமோனியாவே. தட்டம்மைத் தடுப்பூசி 1985ஆம் ஆண்டு தொடங்கிய பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. குழந்தைகளின் மூச்சுநோய் மரணங்களைக் குறைத்த முதல் தடுப்பூசிகளில் அதுவும் ஒன்று என்று சொன்னால் மிகையாகாது.

இதையொட்டி ஒரு திருச்சி ஆய்வு. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சார்ந்த இலட்சுமி ரகமத்துல்லா குழுவினர் அன்றைய திருச்சி மாவட்டச் சிற்றூர்களில் 15,419 சிறு குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் சிறு அளவில் வைட்டமின் ஏ கொடுத்து வந்தனர். 1990ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி அக்குழந்தைகளின் இறப்பு மற்றவரைவிடப் பாதிக்கும் கீழே குறைந்தது. வியப்பு என்னவெனில், அவர்களுக்குச் சளி, இருமல் வருவது குறையவில்லை. நோய் வந்தது, ஆனால் சாவு குறைந்தது. வைரசு எல்லா வீட்டுக்கும் போகிறது, ஆனால் எந்த வீட்டில் உயிரைக் கேட்கிறது என்பதைக் குழந்தையின் உடல்நிலையும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

நாகப்பட்டினத்து அடுப்புகள்

வறட்டியும் விறகும் எரியும் அடுப்பின் புகை குழந்தைகளின் நெஞ்சைக் கெடுக்கும் என்பது நெடுநாளைய கருத்து. அதனைச் சோதிக்கக் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கருவுற்ற பெண்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியப் பகுதி முழுவதும் தமிழ்நாட்டில், நாகப்பட்டினம், கள்ளக்குறிச்சி வட்டாரங்களில் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில் நடைபெற்றது. பாதிப் பேருக்கு இலவசமாக எரிவாயு அடுப்பும் பதினெட்டு மாதங்களுக்கு எரிவாயுவும் தந்தனர். வீட்டுக்குள் புகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் 2024ஆம் ஆண்டில் முடிவு வெளியானபோது, குழந்தைகளின் கடும் நிமோனியா எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதைக் கொண்டு புகை நல்லது என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம்; பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அது செய்யும் தீங்கு தனிக் கணக்கு. எனக்குத் தோன்றும் விளக்கம் ஒன்று உண்டு. கைக்குழந்தைகளின் கடும் மூச்சுத்தொற்றில் பெரும்பங்கு வைரசுகளுடையது என்றால், அவை அண்ணனின் கையிலும் பாட்டியின் முத்தத்திலும் வருபவை. அடுப்பை மாற்றியதால் மட்டும் அவை வழி தவறிப் போய்விடா. பங்களாதேசம், தாய்லாந்து, ஆப்பிரிக்க நாடுகள் ஐந்து எனப் பல இடங்களில் நடந்த இன்னோர் ஆய்வு 2019ஆம் ஆண்டில் தந்த கணக்கும் இதற்கு இசைவாக உள்ளது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கடும் நிமோனியாவில் சுமார் 61 விழுக்காடு வைரசுகளாலும் 27 விழுக்காடு பாக்டீரியாக்களாலும் வந்தவை, ஆர்.எஸ்.வி. மட்டும் 31 விழுக்காடு.

தடுப்பூசியின் நீண்ட பாதை

ஆர்.எஸ்.வி.க்குத் தடுப்பூசி செய்ய 1960களிலேயே முயன்றனர். வைரசைப் பார்மலினில் கொன்று குழந்தைகளுக்குப் போட்டனர். 1966ஆம் ஆண்டின் அந்தச் சோதனை பெருந்துயரில் முடிந்தது. ஊசி பெற்ற 31 கைக்குழந்தைகளில், பின்னர் இயற்கையாக வைரசு தொற்றியவர்களுள் 80 விழுக்காட்டினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், இருவர் இறந்தனர். பாதுகாக்க வேண்டிய ஊசி நோயை முற்றச் செய்துவிட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் எவரும் துணியவில்லை. வைரசின் மேற்புறப் புரதம் செல்லோடு இணையுமுன் ஒரு வடிவிலும் இணைந்தபின் வேறு வடிவிலும் இருக்கிறது, முதல் வடிவமே தடுப்பூசிக்கு வேண்டியது என்பது 2013ஆம் ஆண்டில் தெளிவான பிறகே கதவு திறந்தது. 2023ஆம் ஆண்டில் கருவுற்ற தாய்க்குப் போடும் தடுப்பூசி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்றது. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் சென்று முதல் சில மாதங்களுக்குக் காக்கிறது. பிறந்த குழந்தைக்கே நேரடியாக எதிர்ப்பொருளைச் செலுத்தும் ஊசியும் வந்துள்ளது.

இதற்கிடையே பாக்டீரியாக்களுக்கு எதிரான தடுப்பூசிகள் முந்திக்கொண்டன. ஹிப் கிருமிக்கு எதிரான ஐந்து நோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். நியூமோகாக்கல் தடுப்பூசி 2021ஆம் ஆண்டில் தமிழகத்தில் தொடங்கியது. இவை பரவப் பரவ, எஞ்சி நிற்கும் மூச்சுத்தொற்றில் வைரசுகளின் பங்கு கூடவே செய்யும்.

அண்மை நிகழ்வுகள் இரண்டு. 2025 சனவரியில் எச்.எம்.பி.வி. என்ற 'புதிய வைரசு' வந்துவிட்டதாகப் பரபரப்பு எழுந்தது. சென்னையிலும் சேலத்திலும் ஒவ்வொருவருக்கு உறுதியானது. புதியது என்பது தவறு. அது 2001ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது. பழைய இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது 1950களிலேயே மனிதரிடம் உலவியது தெரிந்தது. சோதனை செய்தால் அகப்படும் பழைய விருந்தாளி அது. இன்னொன்று துயரமானது. அதே ஆண்டு அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைகோல் என்னும் நச்சு கலந்திருந்தது கண்டறியப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா வட்டாரத்தில் அம்மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வைரசுச் சளியை எந்த இருமல் மருந்தும் குணப்படுத்துவதில்லை. மிகச் சிறு குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுக்கவே வேண்டாம் என்று மருத்துவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகின்றனர். அந்தக் குழந்தைகளைக் கொன்றது வைரசு அன்று.

ஒரு மதிப்பீட்டின்படி 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 1,01,400 குழந்தைகள் ஆர்.எஸ்.வி.யால் இறந்தனர். அவர்களுள் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வறிய, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஏறத்தாழ பாதிப்பேர் ஆறு மாதம் நிறையாதவர்கள். தாய்மாருக்கான தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2025 மார்ச்சில் முன்தகுதி வழங்கியது. அந்த ஆண்டு முடிய இந்தியாவின் பொதுத் தடுப்பூசி அட்டவணையில் அது இடம்பெறவில்லை.